தாங்கியே தீரும்

தவறான விடைக்குப் பிறகு
திரையில் எழும் ஒற்றை வரியை
எழுதுவது என் வேலை.
ஔலு நகரில், டிசம்பரில்
மதியம் மூன்றுக்கே விளக்குப் போடும் அலுவலகம்.
படம் பாவலி வரைகிறான். வரி நான்.

விளையாட்டு இதுதான்:
உறைந்த ஏரி, அக்கரையில் மீன்பிடிக் குடில்.
நடப்பவனின் எடை, முதுகுப்பையின் எடை,
பனித்தட்டின் தடிமன்.
கணக்குப் போட்டு அடி வைக்க வேண்டும்.
வைக்கும் முன் ஒரு குமிழை நகர்த்தி
எவ்வளவு நிச்சயம் என்றும் சொல்ல வேண்டும்:
தாங்குமோ என்னவோ.
தாங்கலாம்.
தாங்கும்.
தாங்கியே தீரும்.

ஹௌகிபுதாஸ் பள்ளி, ஐந்தாம் வகுப்பில்
வெய்க்கா என்றொரு பையன்.
அவன் குமிழ் கடைசி முனையில்
பசை போட்டதுபோல் நின்றது.

முதல் வடிவத்தில் பனி உடையும்.
பாவலி மூன்று வாரம் இழைத்த விரிசல்,
நான் குளியல் தொட்டியில் பதிவுசெய்த தொபுக்கடீர்.
பயந்தே தீருவார்கள் என்று
கூட்டத்தில் அடித்துச் சொன்னேன்.

வெய்க்கா விழுந்தான். சிரித்தான்.
பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டி
மறுபடி விழுந்தான்.
ஏழாவது முறை எண்களைப் பார்க்கவே இல்லை;
தொபுக்கடீருக்காக வகுப்பே
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.
தண்டனை என்று வைத்தோம்,
வாணவேடிக்கை ஆனது.
'சற்றே கவனம் தேவை' என்ற என் வரியை
யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

சத்தத்தை எடுத்தோம். விரிசலை எடுத்தோம்.
தவறினால் பையன் பேசாமல்
கரைக்குத் திரும்பிவிடுவான்.
இருபது அடி முடிந்ததும் மட்டும்:

'தாங்கியே தீரும்' என்றாய், இருபது முறை.
தாங்கியது பதினொன்று.

அவ்வளவுதான்.
'ஆனால்' என்று நான்கு முறை எழுதி
நான்கு முறையும் அழித்தேன்.

"இதுக்கு எண்ணவே தெரியல," என்றான் வெய்க்கா.
ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டி
நோட்டின் பின்னட்டையில் கோடு கிழித்தான்.
பதினொன்று.
முதலிலிருந்து மறுபடி கிழித்தான்.
பதினொன்று.
பிறகு யாரிடமும் இல்லாமல்,
"பையை நான் சேர்க்கவே இல்லை."
குமிழின் மேல் விரலை வைத்தான்.
நகர்த்தவில்லை. எடுக்கவும் இல்லை.
வகுப்பின் பின்சுவரில் சாய்ந்திருந்த எனக்கு
அந்த விரல் தெரிந்தது.

ஜன்னலோரம் இங்கெரி.
'தாங்குமோ என்னவோ' என்றாய், இருபது முறை.
தாங்கியது இருபது.
அவளுக்கென்று நான் எழுதிய வரி அல்ல அது;
நிரல் தானாகக் கோத்தது.
நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில்
அவளைப் போன்றவர்கள் இல்லை.
படித்தாள்.
ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.
அடுத்த ஏரிக்கும் அதே முனை.
இதற்கு என்ன எழுதுவது என்று
இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி வந்தால் வெண்பலகையில்
பாவலியின் கையெழுத்து:
'பயந்தே தீருவார்கள்' என்றாய், ஒரு முறை.
பயந்தவர் பூஜ்யம்.
கீழே, வீணாய்ப்போன அந்த விரிசலைச் சின்னதாக
வரைந்தும் வைத்திருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு.
நேற்றிரவு உறைந்த பனி.
யாருடைய காலடியோ அக்கரைவரை போயிருக்கிறது.
என் எடை தெரியும்.
பையில் மடிக்கணினி, இரண்டு லிட்டர் பால்.
தடிமன் தெரியாது.
தாங்கும் என்று வாய் சொல்லிவிட்டது.
கையுறைக்குள் கட்டைவிரல்
இல்லாத குமிழை ஒருமுறை தேடியது.

பாலம் வழியே போனால் எண்ணூறு மீட்டர் சுற்று.
சுற்றினேன்.